சுரைக்காய் பேசும்!

காய்ந்த சுரைக்காயைக் காதருகே குலுக்குங்கள். "கலகல" என்கிறதா? விதை தயார்!

இது பாட்டி சொல்லித்தந்த பாடம்.

நோயில்லாத கொடியில், பருத்த காய் ஒன்றைப் பாட்டி பறிக்கவே மாட்டார். குழம்புக்கு ஆகிற காய் வீணாகிறதே என்று எனக்கு வருத்தம்! அது முற்றிக் காய்ந்து ஓடாகும். பிறகு விட்டத்தில் தொங்கும். உள்ளே விதை பத்திரம்!

நாட்டுச் சுரையில்தான் இது பலிக்கும். கடையில் வாங்கும் கலப்பின விதையில் காய்த்த காயிலிருந்து விதை எடுத்தால், மறுமுறை அதே மாதிரி காய்க்காது.

பாட்டி காலமானபோது வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு சுரைக்குடுக்கை. குலுக்கினேன். பேசியது! விதைகளை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஆடியில் ஊன்றினேன். கூரையெல்லாம் கொடி, மாலையானால் வெள்ளைப் பூ!

நேற்று, பருத்த காயைப் பறிக்க என் மகன் ஏணியோடு வந்தான்.

"அதைத் தொடாதேடா!" என்றேன்.