சொந்த மண்ணில் தோற்ற முதல்-மந்திரி

ராஜபாளையம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? வெள்ளை வெளேர் என்று இருக்கும் வேட்டை நாய். அடுத்தபடியாகப் பஞ்சாலைகள். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோவில், 11 நிலைக் கோபுரம், பால்கோவா!

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுமார் 12 கிலோ மீட்டர்தான் தூரம். இந்த வட்டாரம் நாட்டுக்கு ஒரு முதல்-மந்திரியைத் தந்தது. பிறகு அதே வட்டாரம் அவரைத் தேர்தலில் தோற்கடித்தது!

அவர்தான் பி. எஸ். குமாரசாமி ராஜா.

சென்னை மாகாணத்தின் கடைசி "பிரதம மந்திரி" அவர். சென்னை ராஜ்யத்தின் முதலாவது "முதல்-மந்திரி"யும் அவரே. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டால் ராஜாஜி, காமராஜர், அண்ணா என்று மளமளவென்று சொல்வார்கள். குமாரசாமி ராஜா பெயரைச் சொல்கிற பிள்ளை அபூர்வம்.

மாகாணத்துக்கு ஒரு பிரதமரா?

"பிரதமர் டெல்லியில் அல்லவா இருப்பார்? சென்னையில் ஏது பிரதமர்?" என்று கேட்கத் தோன்றும்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், 1937-ல் ராஜாஜி சென்னையில் மந்திரிசபை அமைத்தார். அப்போது அவருக்குப் "பிரதம மந்திரி" என்றுதான் பெயர். அதாவது மாகாணத்தின் பிரதம மந்திரி. கனடா நாட்டில் இன்றைக்கும் ஒவ்வொரு மாகாணத்தின் தலைமை மந்திரியையும் "பிரிமியர்" என்றே அழைக்கிறார்கள். அந்த வழக்கம்தான் இங்கேயும் இருந்தது.

1950 ஜனவரி 26-ந் தேதி இந்தியா குடியரசு ஆயிற்று. புதிய அரசியல் சட்டம் வந்தது. பிரதமர் என்றால் நாட்டுக்கு ஒருவர்தான். ராஜ்யங்களில் இருப்பவர்கள் முதல்-மந்திரிகள் என்று ஆகிவிட்டது. குமாரசாமி ராஜா முதல் நாள் பிரதம மந்திரியாகத் தூங்கப் போனார். மறுநாள் முதல்-மந்திரியாக எழுந்தார்!

அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் பலர். 1920-ல் நீதிக்கட்சி ஜெயித்தபோது, அதன் தலைவர் தியாகராய செட்டியார் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் சுப்பராயலு ரெட்டியார் முதலாவது தலைமை மந்திரி ஆனார். அவருக்குப் பின் பனகல் ராஜா. பிறகு டாக்டர் சுப்பராயன், முனுசாமி நாயுடு, பொப்பிலி ராஜா. நடுவே பி. டி. ராஜன் சில மாதம் இருந்தார். 1937-ல் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு சில மாதம் இருந்தார். பிறகு ராஜாஜி. 1946-ல் ஆந்திர கேசரி பிரகாசம். 1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அடுத்து நம்முடைய ராஜபாளையத்துக்காரர்.

ஜமீன்தார்கள், வக்கீல்கள், பெரிய மிராசுதார்கள். இப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். காரணம் இருக்கிறது. ஏழைக்கு அப்போது ஓட்டு கிடையாது! வரி கட்டுகிறவர், சொத்து உள்ளவர் ஓட்டுப் போட்டார்கள். 1937 தேர்தலில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் ஓட்டு வந்தது. ஆனால் ஏர் பிடிக்கிற கூலிக்காரரும், தறி நெய்கிற ஏழையும், நாற்று நடுகிற பெண்ணும் வாசலில் நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஓட்டு வந்தபோது, முதல் பரீட்சையில் உட்கார வேண்டியவராகக் குமாரசாமி ராஜா இருந்தார்.

பாட்டி வளர்த்த பிள்ளை

குமாரசாமி ராஜா 1898 ஜூலை 8-ந் தேதி ராஜபாளையத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். பாட்டிதான் வளர்த்தார். வீட்டில் பேசும் மொழி தெலுங்கு. பல தலைமுறைகளுக்கு முன் தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் வகுப்பைச் சேர்ந்த குடும்பம் அது.

வசதி உள்ள வீட்டுப் பிள்ளை. சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் காந்தி அடிகளின் பேச்சு அவரை இழுத்தது. சத்தியமூர்த்தியின் நட்பு கிடைத்தது. கதர் கட்டினார். சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போனார். 1927-ல் கதருக்காகச் சுற்றுப்பயணம் செய்த காந்தி அடிகள் ராஜபாளையத்துக்கும் வந்தார்.

காங்கிரசில் அவர் பெரிய மேடைப் பேச்சாளர் அல்ல. கோஷ்டி கட்டுகிறவரும் அல்ல. அடக்கமானவர் என்று பெயர் எடுத்தவர். அதுவே அவருக்குக் கைகொடுத்தது. ஓமந்தூர் ரெட்டியாருக்கும் கட்சிக்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. 1949 ஏப்ரலில் ரெட்டியார் விலகினார். காமராஜர் அப்போது தமிழ்நாடு காங்கிரசின் தலைவர். அவருடைய ஆதரவு குமாரசாமி ராஜாவுக்கு இருந்தது. ராஜா பதவி ஏற்றார்.

காமராஜர் விருதுநகர்க்காரர். ராஜா ராஜபாளையத்துக்காரர். இரண்டு ஊரும் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கின்றன. கட்சிக்குத் தலைவரும் ஆட்சிக்குத் தலைவரும் ஒரே சீமைக்காரர்கள்!

சென்னை சர்க்காரின் கோபுர முத்திரை வந்ததும் அந்த 1949-ம் ஆண்டில்தான். "முத்திரையில் இருப்பது எங்கள் ஆண்டாள் கோவில் கோபுரம்" என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் மார்தட்டுவார்கள். "இல்லை, மதுரை மேலக் கோபுரம், படம் வரைந்த ஓவியர் கிருஷ்ண ராவே அப்படித்தான் சொன்னார்" என்று மதுரைப் பக்கத்தார் சொல்வார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நாம் நடுவே போக வேண்டாம்!

முள் கிரீடம்

ராஜா ஏற்றது சாதாரணப் பதவியா? அன்றைய சென்னை ராஜ்யம் மிகப் பெரியது. இன்றைய ஆந்திராவின் பெரும் பகுதி, கேரளாவின் மலபார், கர்நாடகத்தின் மங்களூர்ப் பக்கம் எல்லாம் அதில் அடக்கம். நான்கு மொழிக்காரர்களை ஒரே வண்டியில் பூட்டி ஓட்ட வேண்டும்.

தெலுங்கர்கள் தனி ராஜ்யம் கேட்டார்கள். பிரிவினைக்காக ஒரு கமிட்டி அமைந்தது. அதற்கு ராஜாவே தலைவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தமிழ்நாட்டின் பிரதிநிதியாகவும் இருந்து, யாருக்கு எந்த ஊர் என்று பங்கு பிரிக்க வேண்டிய நிலை! சென்னைப் பட்டணம் யாருக்கு என்பதில் சிக்கல் வந்தது. பிரகாசம் ஒத்துக்கொள்ளவில்லை, தனிக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். காரியம் நின்றுபோயிற்று. ஆந்திரா பிரிந்தது 1953 அக்டோபர் 1-ந் தேதி. அதற்குள் ராஜா பதவியில் இல்லை.

இன்னொரு சோதனை கோர்ட்டில் வந்தது. கல்லூரிகளில் வகுப்புவாரியாக இடம் ஒதுக்கும் உத்தரவு சென்னையில் பல ஆண்டுகளாக இருந்தது. அது செல்லாது என்று 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அரசியல் சட்டத்துக்கு அதுதான் முதல் திருத்தம். பின்தங்கிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வழி பிறந்தது. அந்த வழக்கில் தோற்றது ராஜாவின் சர்க்கார். ஆனால் அந்தத் தோல்வியால் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்மை விளைந்தது.

எல்லாவற்றையும் புகழ்ந்து எழுதிவிட முடியாது. 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் ஜெயிலுக்குள் துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் செத்தார்கள். ராஜா தாமே சிறைக்குப் போய் வந்த தேசபக்தர். அவருடைய ஆட்சியில், சிறைக்குள்ளே இத்தனை உயிர்கள் போயின. அந்தக் கறை எளிதில் போகாது.

இவை எல்லாம் பட்டணத்துச் சமாசாரம். கிராமத்து வீட்டில் எரிந்தது வேறு நெருப்பு. அதுதான் பசி!

மழை ஆண்டுக்கு ஆண்டு பொய்த்தது. அரிசிக்கு ரேஷன். குடியானவன் விளைவித்த நெல்லைச் சர்க்கார் கொள்முதல் செய்தது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நெல் கொண்டுபோகக் கட்டுப்பாடு. விளைவித்தவனுக்கும் கோபம், வாங்கித் தின்பவனுக்கும் கோபம். கைத்தறி நெசவாளிக்கு நூல் கிடைக்கவில்லை, துணி விற்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் கால் கடுக்க நின்ற தாய்மார்கள் "சுயராஜ்யம் வந்து என்ன கண்டோம்?" என்று முணுமுணுத்தார்கள்.

பெட்டியில் காளை மாடு

இந்தச் சமயத்தில்தான் முதலாவது பொதுத்தேர்தல் வந்தது. சென்னை ராஜ்யத்தில் 1952 ஜனவரியில் ஓட்டுப் பதிவு நடந்தது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு! ஜமீன்தாருக்கும் ஒரு ஓட்டு. அவர் வீட்டு வண்டிக்காரருக்கும் ஒரு ஓட்டு.

அந்தத் தேர்தலில் ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்தும் வேலை கிடையாது. ஒவ்வொரு அபேட்சகருக்கும் (வேட்பாளருக்கும்) தனித்தனிப் பெட்டி. பெட்டி மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தடுமாறாமல் ஓட்டுப் போட்டார்கள்.

முடிவு வந்தது. ராஜ்யமே திகைத்தது. மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பாதிகூட இல்லை! கம்யூனிஸ்டுகளுக்கு 62 இடங்கள் கிடைத்தன. மந்திரிகள் பலர் தோற்றார்கள். பக்தவத்சலம் தோற்றார். கோபால ரெட்டி தோற்றார். முதல்-மந்திரி குமாரசாமி ராஜாவும் சொந்த வட்டாரத்திலேயே தோற்றார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தத் தேர்தலில் டெல்லி பார்லிமெண்டுக்கும் சேர்த்து ஓட்டுப் போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பார்லிமெண்டுத் தொகுதியில் நின்றவர் காமராஜர். அவர் ஜெயித்தார்! அதே காங்கிரசு, அதே காளைச் சின்னம். காமராஜர் டெல்லிக்குப் போனார். ராஜா வீட்டுக்குப் போனார். "அரிசிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதல்-மந்திரிதானே" என்று ஜனங்கள் நினைத்தார்களோ என்னவோ! ஆட்சியில் இருப்பவர் மேல்தான் முதல் அடி விழும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இறங்கி வந்தார்

தோற்றவர் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க வழியே இல்லையா? இருந்தது. சட்டசபை அங்கத்தினர் அல்லாத ஒருவர்கூட ஆறு மாதம் வரை மந்திரியாக இருக்கலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அதற்குள் எங்காவது ஜெயிக்க வேண்டும். அல்லது மேல்சபைக்குள் வர வேண்டும்.

இப்படிச் செய்தவர்கள் உண்டு. கனடாவில் கியூபெக் மாகாணத்தில் 1985-ல் ராபர்ட் புராசாவின் கட்சி ஜெயித்தது. அவர் மட்டும் தம் தொகுதியில் தோற்றார். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2013-ல் கிறிஸ்டி கிளார்க் அம்மையாருக்கும் அதே கதி. இரண்டு பேரும் பிரிமியர் பதவியில் இருந்துகொண்டே வேறு தொகுதியில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார்கள். நம் நாட்டிலேயே, 2021-ல் மேற்கு வங்காளத்தில் மம்தா பானர்ஜி நந்திகிராமில் தோற்றார், முதல்-மந்திரியாகத் தொடர்ந்தார், பிறகு பவானிபூரில் ஜெயித்தார். அவர்கள் கட்சிகளுக்குப் பெரும்பான்மை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே அது இல்லை. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் கூட்டுச் சேர்ந்து, ஆட்சியை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டன. காங்கிரசு ராஜாஜியை அழைத்தது. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை! கவர்னர் ஸ்ரீ பிரகாசா அவரை மேல்சபைக்கு நியமித்தார். 1952 ஏப்ரல் 10-ந் தேதி ராஜாஜி முதல்-மந்திரி ஆனார். ஜனங்கள் ஓட்டுப் போட்டு நடந்த முதல் தேர்தலுக்குப் பிறகு, ஜனங்கள் ஓட்டே போடாத ஒருவர் முதல்-மந்திரி! இது சரிதானா என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் வந்த சில மாதங்களுக்குள் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள்.

குமாரசாமி ராஜா நாற்காலிக்காகச் சண்டை போடவில்லை. இடத்தைக் காலி செய்துவிட்டு நகர்ந்தார். பிற்காலத்தில் பதவியில் இருந்தபோதே தொகுதியில் தோற்ற வேறு முதல்-மந்திரிகளையும் தமிழ்நாடு கண்டது. 1967-ல் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். 1996-ல் ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். காமராஜரும் 1967-ல் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். அப்போது அவர் முதல்-மந்திரி அல்ல. அந்தச் சீமை ஜனங்கள் உறவு பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் அல்ல போலும்!

ராஜாவை ராஜ்யம் அடியோடு மறந்துவிடவில்லை. 1954-ல் அவர் ஒரிசாவின் கவர்னர் ஆனார். 1956 வரை அங்கே இருந்தார். ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார்.

1957 மார்ச் 16-ந் தேதி அவர் காலமானார். அப்போதுதான் இரண்டாவது பொதுத்தேர்தல் முடிந்திருந்தது. பக்கத்துச் சாத்தூர்த் தொகுதியில் ஜெயித்த காமராஜர், மறுபடியும் முதல்-மந்திரியாகப் பதவி ஏற்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.