வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

அத்திபெலேயைக் கடந்து ஓசூர் நோக்கிச் செல்லும்போது கருநாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. அவ்விடத்தில் மண் பிளந்திருப்பதில்லை, சாலையும் அறுபடுவதில்லை. எல்லை என்பது ஆவணத்தில் எழுதப்பட்ட கோடு. மாணவர்களே, கணினியின் வன்தட்டிலும் இத்தகைய எல்லைகள் உண்டு.

வன்தட்டு ஒன்றே, அதன் பாகங்களோ பல. ஒவ்வொரு பாகமும் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை ஓர் அட்டவணையில் எழுதி வைப்பர். விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரு இயங்குதளங்களும் கோப்புகளைச் சேமிக்கும் முறை வேறு வேறானது. ஆகவே, ஒரே கணினியில் இரண்டையும் வைக்க விரும்பினால் தனித்தனிப் பாகங்கள் தேவை. 2011ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இவ்வாறே அருகருகே இருந்தன.

லினக்சை நிறுவும்போது சிலருக்கு ஒரு சிக்கல் நேரும். தட்டில் இடம் நிறைய இருக்கும். ஆயினும் புதிய பாகம் உருவாக்க இயலாது. காரணம் என்ன? எம்.பி.ஆர். என்னும் பழைய முறையில், எல்லை அட்டவணைக்கு ஒதுக்கப்பட்ட இடம் 64 பைட்டுகளே. ஒரு பாகத்தின் விவரத்தை எழுத 16 பைட்டுகள் வேண்டும். எனவே நான்கு முதன்மைப் பாகங்களுக்கு மேல் எழுத இயலாது. விற்பனைக்கு வரும்போதே நான்கும் நிரம்பியிருந்தால், காலியிடம் இருந்தும் பயனில்லை. நிலம் இருந்தும் பதிவேட்டில் வரி இல்லாத நிலை அது.

இதற்குத் தீர்வு உண்டு. நான்கில் ஒன்றை 'விரிவாக்கப் பாகம்' ஆக அமைத்தால், அதனுள் மேலும் பல பாகங்களை உருவாக்கலாம். பின்னர் வந்த ஜி.பி.டி. முறையில் பொதுவாக 128 பாகங்கள் வரை எழுதலாம். மேலும், அட்டவணையின் நகல் ஒன்று தட்டின் இறுதியிலும் காக்கப்படுகிறது.

இடம் வேண்டும் என்று, ஏதென்று அறியாத பாகத்தை நீக்கிவிடுதல் பெரும்பிழை. அது கணினியைப் பழைய நிலைக்கு மீட்கும் பாகமாக இருக்கலாம். வீட்டாரின் நிழற்படங்கள் உள்ள பாகமாகவும் இருக்கலாம். 'தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்னும் தெரிவையும் எண்ணாமல் அழுத்தலாகாது. தவறுதலாக ஒரு பாகத்தை நீக்கிவிட்டால், உடனே பணியை நிறுத்துதல் வேண்டும். அழிந்தது அட்டவணையின் வரி மட்டுமே. அவ்விடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை, உள்ளிருக்கும் கோப்புகளைப் பெரும்பாலும் மீட்க இயலும்.

நிலத்தைப் பிரிப்போர் முதலில் பத்திரத்தைப் படிப்பர். பின்னரே எல்லைக்கல் நடுவர். நீங்களும் முதலில் கோப்புகளை வேறொரு கருவியில் படியெடுத்து வையுங்கள். அடுத்து எல்லை அட்டவணையைப் படித்தறியுங்கள். அதன் பின்னரே தட்டைப் பிரியுங்கள்.