விறைப்பில் நிற்கும் சக்கரம்

சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் பக்கத்தில் சைக்கிள் இன்றும் பாரம் சுமக்கும் வண்டிதான். மீன் கூடையும் இளநீர்க் குலையும் பள்ளிப் பையும் அதில்தான் போகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை வழவழப்பாக இருக்கலாம். அதிலிருந்து குப்பங்களுக்கும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்துக்கும் இறங்கும் பாதைகளில் மணலும் ஜல்லியும் மழை அரித்த பள்ளங்களும்தான் இருக்கின்றன. போதாததற்கு உப்புக்காற்று வேறு. போக்ஸ் கம்பி ஒடிவதும் ரிம் கோணிக்கொள்வதும் இங்கே அன்றாடச் சங்கடங்கள். அதற்குப் பலரும் சொல்லும் மருந்து, தடித்த கம்பி, கனத்த ரிம். ஆனால் சக்கரத்தின் ஆயுளை இரும்பின் கனத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பது கம்பிகளின் விறைப்பு. அந்த விறைப்பை ஒரே சீராக ஏற்றத் தெரிந்த கைதான் உண்மையான முதலீடு.

ஏன் என்பதைச் சக்கரம் வேலை செய்யும் விதமே சொல்லிவிடும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் மர ஆரம் அழுத்தத்தைத் தாங்கும். 2 மில்லிமீட்டர் கம்பியை அப்படி அழுத்தினால் வளைந்துவிடும். அதனால்தான் சைக்கிள் கம்பிகளை முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைக்கிறோம். நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒரு கம்பிக்குச் சுமார் 100 கிலோ இழுவிசை இருக்கும். 36 கம்பிகளுக்கும் சேர்த்தால் மூன்றரை டன்னைத் தாண்டும். பாரம் ஏறும்போது தரையை ஒட்டிய சில கம்பிகளின் விறைப்பு மட்டும் குறைந்து, சக்கரம் சுழன்றதும் மீள்கிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுழலும். பத்து கிலோமீட்டர் போனால் ஒவ்வொரு கம்பியும் 4,500 முறை தளர்ந்து இறுகுகிறது. தொடக்கத்திலேயே தளர்ந்திருக்கும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தொய்ந்து, மறுபடி வெடுக்கென்று இழுபடும். ஹப்பில் மாட்டியிருக்கும் அதன் வளைவில் உலோகம் சோர்ந்து, ஒருநாள் சமதரையில் போகும்போதே ஒடியும். பழியைப் பள்ளத்தின்மேல் போடுகிறோம், குற்றவாளி தொய்வுதான்.

ஆகவே எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் தெளிவாகிறது. கம்பிகளின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். பாரம் ஏற்றும் பின்சக்கரத்துக்கு 36 கம்பிகளாவது வேண்டும். ஒவ்வொரு கம்பியும் மற்ற மூன்றைக் குறுக்கே கடந்து போகும்படி கோப்பது நல்லது. நடுவில் மெலிந்து இரு முனையிலும் தடித்த கம்பி கிடைத்தால் அதுவே மேல். மெலிந்த நடுப்பகுதி சற்று நீண்டு கொடுத்து வளைவைக் காப்பாற்றுகிறது. கடலோரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பித்தளை நிப்பிளும் பொருத்தம். அலுமினிய நிப்பிள் உப்பில் அரித்துப்போகும். கட்டி முடித்ததும் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வளைவுகள் ஹப்பில் சரியாக அமர்ந்து, உள்ளே தங்கிய தகைவு விலகும். அதன்பின் மறுபடி பெண்டு எடுக்க வேண்டும். 1981இல் வெளிவந்த ‘தி பைசைக்கிள் வீல்’ நூலில் ஜாப்ஸ்ட் பிராண்ட் வலியுறுத்திய இந்த அழுத்தும் வேலைக்குச் சில நிமிடங்களே பிடிக்கும்.

கரடுமுரடுக்குப் பந்தயக்காரர்களின் ட்யூபுலர் டயர்தான் சிறந்தது என்பவர்கள் உண்டு. டியூபைச் சுற்றித் தைத்து, ரிம்மின்மேல் பசையால் ஒட்டும் டயர் அது. 1896இல் தொடங்கிய பாரிஸ்–ரூபே பந்தயத்தில், 50 கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய பாதையை வீரர்கள் நெடுங்காலம் இதில்தான் கடந்தார்கள். இந்த ரிம்முக்கு டயரைக் கவ்வும் விளிம்பு தேவையில்லை. அதனால் அது எடை குறைந்தும் உறுதியாகவும் இருக்கும். பள்ளத்தில் இடித்தால் டியூப் நசுங்கிப் பஞ்சராவதும் அரிது. ஆனால் பஞ்சரானால் தையலைப் பிரித்து ஒட்டி, மறுபடி தைக்க வேண்டும். கருவேல முள் நிறைந்த நம் பாதைக்கு அது ஒத்துவராது. ரூபேயிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது டயரை அல்ல. அகலமான டயர், அளவான காற்று, நிறையக் கம்பிகள் என்ற அணுகுமுறையைத்தான். கல்லாக இறுகும்வரை காற்றடித்தால் அதிர்ச்சி முழுவதும் ரிம்முக்கே போகும். மிகக் குறைத்தாலோ டியூப் நசுங்கும். நம் பழைய 28 அங்குல வண்டியின் ஒன்றரை அங்குல டயர் இந்தப் பாதைகளுக்கு ஏற்கெனவே பொருத்தமான அகலம்தான்.

அதிகம் முறுக்கினால் கம்பி அறுந்துவிடாதா என்ற அச்சம் இயல்பானது. நல்ல கம்பி தாங்கும் பாரம் 100 கிலோவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அளவு மீறினால் பெரும்பாலும் முதலில் கோணுவது ரிம்தான். துருப்பிடிக்காத கம்பிக்குச் செலவு கூடுதலே என்பதும் உண்மை. ஆனால் துத்தநாகம் பூசிய சாதாரணக் கம்பியைக்கூட மரைக்கு எண்ணெய் இட்டுச் சீராக முறுக்கிக் கட்டினால், அலட்சியமாகக் கட்டிய விலையுயர்ந்த சக்கரத்தைவிட நீண்டு உழைக்கும். திறமைக்குத் தரும் கூலி பொருளுக்குத் தரும் விலையைவிட அதிகம் பயன் தருகிறது.

தமிழக அரசு 2001-02 கல்வியாண்டு முதல் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கிவருகிறது. புதுச் சக்கரத்தின் கம்பிகள் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் ஹப்பில் நன்றாக அமர்ந்து சற்றே தளரும். அந்த நேரத்தில் ஒருமுறை சரிபார்த்து முறுக்கினால் அவற்றின் ஆயுள் கூடும். வண்டி கொடுத்த ஒரு மாதத்துக்குள் உள்ளூர் சைக்கிள் கடைக்காரரைப் பள்ளிக்கு அழைத்து, கூலி கொடுத்து, எல்லாச் சக்கரங்களையும் பார்க்கச் செய்யும் ஏற்பாட்டை அரசு இத்திட்டத்தின் பகுதியாகவே ஆக்க வேண்டும். வண்டி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம். பிள்ளைகள் பாதி வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைத் தடுப்பதோடு, அருகிவரும் ஒரு கைத்தொழிலுக்கும் இதனால் வேலை கிடைக்கும்.