கண்ணாடித் தொட்டிக்கு நீர்ச்செடிகள்

திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதியில் வரப்போரம், வாய்க்காலோரம் களையாக நிற்கும் சில செடிகள் வண்ணமீன் தொட்டிக்கு ஏற்றவை. நெதர்லாந்தில் 1930களில் பரவிய 'டச்சு' முறையில் கல், கட்டை முக்கியமல்ல; செடிகளின் வேறுபாடே அழகு. நாடா போன்ற வாலிஸ்நேரியாவைப் பின்னாலும், தடித்த சிற்றிலையுடைய நீர்ப்பிரமியை நடுவிலும், ஆரைக்கீரையை முன்னாலும் நடலாம். ஒவ்வொன்றையும் நாற்று முடிபோலக் கூட்டமாக வைத்து, இடையே சந்து விடவேண்டும். ஒரேமாதிரி இலைகள் அடுத்தடுத்து வந்தால் தொட்டி புதராகத் தோன்றும். செந்நிற லுட்விஜியா ஒரு கூட்டம் போதும். அதையும் நட்டநடுவில் வைக்காமல், ஒரு பக்கத்திலிருந்து மூன்றிலொரு பங்கு தள்ளி வைக்கவும். வெளிச்சம் குறைந்தால் சிவப்பு மங்கும்.

பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து செடி எடுக்கக்கூடாது; மீன் செத்துவிடும். அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை வாய்க்கால்களை அடைத்தது தெரிந்ததே. கழித்த செடிகளை உய்யக்கொண்டானில் எறியாமல் எருக்குழியில் போடவும்.