கிரகணம் கடக்கும் ஊரில் பணம் எங்கே போகிறது?

முழுச் சூரிய கிரகணத்தின்போது நிலவின் நிழல் பூமியில் ஒரு குறுகிய பட்டையாக ஓடும். பட்டைக்கு வெளியே 99 விழுக்காடு மறைந்தாலும் முழு இருட்டு கிடைக்காது. அதனால்தான் பெயர் தெரியாத சிற்றூர்களில்கூடக் கூட்டம் குவிகிறது. ஆனால் அதே இடத்துக்கு மறுபடி முழு கிரகணம் வரச் சராசரியாக முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதை நம்பி யாரும் விடுதி கட்ட முடியாது. இருக்கிற அறைகளையும் சாலைகளையும் வைத்தே சமாளிக்க வேண்டும்.

அமெரிக்காவின் தெற்கு இல்லினாயில் உள்ள கார்பண்டேல் அரிய விதிவிலக்கு. சுமார் 22,000 பேர் வாழும் இந்தப் பல்கலைக்கழக நகரத்தை 2017 ஆகஸ்ட் 21, 2024 ஏப்ரல் 8 என ஏழே ஆண்டுகளில் இரண்டு முழு கிரகணங்கள் கடந்தன. இரண்டும் திங்கட்கிழமை. ஊருக்கு அது பெரிய அதிர்ஷ்டம்: சனி, ஞாயிறு இரவுகளும் வியாபாரத்தில் சேர்ந்தன. இருட்டு நீடிப்பது சில நிமிடங்களே. வருமானத்தைத் தீர்மானிப்பது வந்தவர் எத்தனை இரவு தங்குகிறார் என்பதுதான்.

2017-இல் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, முழு மறைவின் பெரும்பகுதியை ஒரு மேகம் மறைத்துவிட்டது. அறைக்கும் நுழைவுச்சீட்டுக்கும் முன்பே பணம் கட்டியாகிவிட்டதால் வசூல் குறையவில்லை. அடி விழுந்தது சாலையில். மூன்று நாளாகச் சிறுகச் சிறுக வந்தவர்கள் ஒரே பிற்பகலில் கிளம்பியதில் சிகாகோ செல்லும் நெடுஞ்சாலை திணறியது. இரவு உணவுக்கு அவர்களை நிறுத்திவைக்க முடிந்த ஊருக்கே கூடுதல் லாபம்.

வந்த பணமெல்லாம் ஊரில் தங்குவதில்லை. சங்கிலி விடுதிகளின் லாபத்தில் பெரும்பங்கு வெளியூர் முதலாளிகளுக்குப் போகும். வீட்டை வாடகைக்கு விட்டவர், காலி மனையில் கார் நிறுத்தக் கட்டணம் வாங்கியவர், பக்கத்து மக்காண்டா கிராமத்துக் கைவினைஞர் போன்றோர் கையில் விழுவதே உள்ளூர்ப் பணம்.

செலவு பெரும்பாலும் அரசின் தலையில். 2023 ஏப்ரல் 20 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் முழு மறைவு ஏறக்குறைய ஒரு நிமிடமே. மூவாயிரத்துக்கும் குறைவானோர் வாழும் அந்த ஊரில் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். மாநில அரசு 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஒதுக்கியது. அதில் சாலைக்கும் தொலைத்தொடர்புக்கும் போன பங்கு, கூட்டம் கலைந்த பின்னும் ஊருக்குப் பயன்படும்.

ஏற்கெனவே சுற்றுலாப் பருவம் நடக்கும் இடத்தில் கணக்கு மாறும். 2026 ஆகஸ்ட் 12 கிரகணப் பாதையில் உள்ள ஸ்பெயினின் மயோர்க்கா தீவு, ஆகஸ்டில் எப்படியும் நிரம்பிவிடும். கிரகணம் பார்க்க வருபவர் அங்கே வழக்கமான பயணியின் அறையைத்தான் எடுத்துக்கொள்கிறார். வாடகை உயரலாம், வருகிற தலைகளின் எண்ணிக்கை அதிகம் உயராது.