டிக்கெட்டில் ஒன்றரை மணி, திருவொற்றியூரிலிருந்து ஐந்து மணி

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஹார்பர் தொழிலில் இருக்கும் பலர் தூத்துக்குடிக்கு அடிக்கடி போய்வருகிறார்கள். இங்கேயும் துறைமுகம், அங்கேயும் துறைமுகம். கேட்டால், “ஃப்ளைட்டில் ஒன்றரை மணி நேரம்தானே” என்பார்கள். அந்த ஒன்றரை மணி எதன் கணக்கு?

முதலில் தூரம். மீனம்பாக்கத்துக்கும் தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 530 கி.மீ. சாலையில் போனால் 600 கி.மீ.யைத் தாண்டும். விமானமும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போவதில்லை. காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அதனால் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மீனம்பாக்கத்திலிருந்து கடலைப் பார்த்துக் கிளம்பி, அப்புறம் தெற்கே திரும்பும். மேற்குக் காற்றென்றால் எதிர்ப்பக்கம் கிளம்பும்.

இனி நேரம். இந்தத் தடத்தில் பழகிய விமானம் ஏடிஆர் 72. இரண்டு விசிறி வைத்தது. பின்கதவு வழியாக ஏறுவோமே, அதுதான். மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் போய்விட வேண்டுமே? கால அட்டவணை நேரம் வானத்தில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. புறப்படும் இடத்தில் சக்கரத்தின் முட்டுக்கட்டையை எடுப்பதில் தொடங்கி, இறங்கிய இடத்தில் மறுபடி முட்டுக் கொடுப்பது வரைக்கும் அதில் அடங்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கூடுதல் அரை மணி.

வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான். பெரிய ஜெட்டுக்குப் போதாது. 2025 ஜூலை 26 அன்று புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. ஜெட் வந்தால் நேரம் பாதியாகும் என்று மட்டும் நம்ப வேண்டாம். இவ்வளவு குறைந்த தூரத்தில் அது ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். மிச்சமாவது இருபது நிமிடம்போலத்தான்.

வடசென்னைக்காரருக்கு நேரம் போவது தரையில். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோவில் 32 கி.மீ., ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெட்டி போட்டு, சோதனை முடித்துக் காத்திருக்க இன்னும் ஒன்றரை மணி. வாகைக்குளத்தில் இறங்கினாலும் ஊர் சுமார் 15 கி.மீ. தள்ளி இருக்கிறது. மொத்தம் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். எழும்பூரில் இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தூத்துக்குடி. தூங்கிக்கொண்டே போகிறவருக்கு அது ஒன்றும் மோசமில்லை. நாளைக்குப் பரந்தூர் விமான நிலையம் வந்து, அங்கிருந்துதான் ஏற வேண்டும் என்றானால், நம் பக்கத்துக் கணக்கு இன்னும் நீளும்.

அதிகாலை விமானத்துக்குப் பதிவு செய்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். முதல் ரயிலைப் பிடித்தாலும் நிலையம் சேர 6 ஆகிவிடும். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். 7 மணி விமானத்துக்கு மெட்ரோவை நம்பாதீர்கள். முந்தின இரவே வண்டி சொல்லி வையுங்கள்.