கொக்கிக் கம்பள விரிப்புகளுக்கு ஓரங் கட்டும் முறை

வட அமெரிக்காவின் கீழ்க்கரையில், விசேஷமாக நியூ இங்கிலாந்து, நோவா ஸ்கோஷியா, நியூபவுண்டுலாந்து ஆகிய பிரதேசங்களில், குடியானவர், செம்படவர் வீட்டு ஸ்திரீகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாகச் செய்துவரும் கைத்தொழில் ஒன்று உண்டு. பழங் கம்பளித் துணியை ஒடுக்கமான கீற்றுகளாகக் கத்தரித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய கோணித் துணியின் அடியில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கொக்கியைச் செலுத்திக் கண்ணி கண்ணியாக மேலே இழுத்துவிடுவதே அதன் முறை. அக்கோணியின் சணல் பெரும்பாலும் நமது வங்காளத்தில் விளைந்ததாகும். சாமான் வந்திறங்கிய சாக்குகளைப் பிரித்து, பனிக்காலத்தில் வெளிவேலை நின்றபோது அம்மாதர் இதைச் செய்து வந்தனர்.

இவ்விரிப்பில் முடிச்சு என்பதே கிடையாது. கண்ணிகள் நெருங்கி நிற்பதாலும், கோணியின் இழைகள் அவற்றை இறுகப் பற்றுவதாலுமே அவை நிலைபெறுகின்றன. தறியில் நெய்த ஜமக்காளத்துக்கு இயற்கையாகவே கரை உண்டு. இதற்கோ அடித்துணி வெட்டுண்ட துணி. வெட்டிய ஓரத்தில் ஓர் இழை நழுவினால், அடுத்த கண்ணிக்குப் பிடிப்பு இல்லை. அது எழும்பினால் அதற்கடுத்ததும் தளரும். ஒரு பனிக்காலத்து உழைப்பு முழுவதும் இவ்விதம் ஓரத்திலிருந்தே அழியத் தொடங்கும். சங்கங்களின் சரக்கைச் சோதிக்கும் பழக்கத்தால், விரிப்பு எதனையும் முதலில் புரட்டி, அதன் பின்புறத்து ஓரத்தைப் பார்ப்பதே என் வழக்கம். பூவேலையின் அழகு அதற்குப் பிற்பாடு.

ஓரத்துக்கான ஏற்பாடு வேலை ஆரம்பிக்கும்போதே தொடங்க வேண்டும். சித்திரத்துக்கு வெளியே நாற்புறமும் மூன்று அல்லது நான்கு அங்குலம் அடித்துணி விடப்பட வேண்டும். கடைசி இரண்டு வரிசைக் கண்ணிகளை மற்றவற்றைவிட நெருக்கமாகவும், இழைப்போக்கில் நேராகவும் இழுப்பது நலம். கொக்கி வேலை முடிந்தபின் விரிப்பைக் குப்புறப் போட்டு, ஈரத்துணி விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் எடுத்து எடுத்து வைக்க வேண்டும். பிறகு தரையில் சமமாகக் கிடத்தி உலரவிடலாம். ஓரம் கட்டிய பின் இதைச் செய்தால், அடங்காத மேடு பள்ளம் அப்படியே நின்றுவிடும்.

இனி, கண்ணிகள் முடியும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, தையல் இயந்திரத்தால் இரண்டு வரி தைத்து, அதற்கு வெளியே மட்டும் கத்தரிக்க வேண்டும். முன்னே கத்தரித்துப் பின்னே தைக்கலாம் என்று எண்ணுவது பெரும் பிசகு. கோணி அதற்குள் பிரிந்துவிடும்.

எளிய முறை நாடா வைத்தல். ஒன்றேகால் அங்குல அகலமுள்ள பருத்தி நாடாவை முதலில் நனைத்து உலர்த்திச் சுருங்க வைத்துக்கொண்டு, கடைசிக் கண்ணி வரிசையை ஒட்டித் தைத்து, அடித்துணியோடு பின்னுக்கு மடித்துக் கைத்தையலால் பொருத்த வேண்டும். நாடாவை மூலையில் தொடங்கலாகாது.

இதனினும் உறுதியானது கயிறு வைத்துச் சுற்றுத்தையல் போடுவது. கால் அங்குலப் பருமனுள்ள பருத்திக் கயிற்றைக் கண்ணிகளை ஒட்டி அடித்துணியின் மடிப்புக்குள் வைத்து, தற்காலிகமாக ஓட்டுத் தையல் போட்டு, கம்பளி நூலால் மேலும் கீழுமாக நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். கோணி தெரியாத அளவுக்கு நெருக்கம் போதும். அதற்குமேல் திணித்தால் ஓரம் அலைபோல் நெளியும். நம்மவர் கோணி ஊசியை எடுக்கத் துணியலாம், அது கூடாது. கூர்முனை இழையை அறுக்கும். முனை மழுங்கிய கம்பளி ஊசியே ஏற்றது. மூலையில் கயிறு வெளிப்புறம் வளைவதால் சுற்றளவு மிகும்; ஆகையால் ஒரே துளையில் இரண்டு மூன்று தடவை நூலைச் செலுத்தினாலன்றித் துணி மறையாது. ஓர் அங்குல ஓரத்துக்குச் சுமார் ஓரடி நூல் பிடிக்கும். இரண்டடிக்கு மூன்றடி விரிப்பின் சுற்றளவு பத்தடி, அதாவது 120 அங்குலம். நூல் 120 அடி, அல்லது 40 கஜம். பாதியில் நூல் தீர்ந்து வேறு சாயத்தில் தொடர்வதைவிட, முதலிலேயே கணக்கிட்டு வாங்குவது உத்தமம். இறுதியில் பின்புறத்து வெட்டு ஓரத்தை நாடாவால் மூட வேண்டும். சுற்றிய ஓரம் கண்ணிகளின் உயரத்துக்கு மேல் நிற்கலாகாது. உயர்ந்தால் மிதியடிகளின் தேய்வெல்லாம் அதன் மேலேயே விழும்.

ரப்பர்ப் பாலைப் பின்புறம் பூசி ஓரத்தை ஒட்டிவிடும் குறுக்கு வழியும் உண்டு. நாளடைவில் அது வறண்டு உதிரும். அன்றியும் கண்ணி ஒன்று பழுதானால் பிரித்துச் செப்பனிட இடமிராது. விற்பனைக்குச் செய்வோர் இதை விலக்குவதே நன்று.

விற்பனை என்று சொல்லும்போது, கேப் பிரிட்டன் தீவிலுள்ள ஷெட்டிகாம்ப் என்னும் ஊரைக் குறிப்பிட வேண்டும். 1920-களின் பிற்பகுதியில் லில்லியன் பர்க் என்ற அமெரிக்கச் சித்திரக்காரி அவ்வூர் மாதருக்குச் சித்திரங்களும் சாய முறைகளும் கொடுத்து, விரிப்புகளை நியூயார்க்கில் விற்று வந்தார். 1930-களில் அம்மாதரிற் சிலர் தாங்களே விற்க முற்பட்டனர். நோவா ஸ்கோஷியாவில் மோசஸ் கோடி பாதிரியார் தலைமையில், 1928-இல் ஏற்பட்ட சர்வகலாசாலை விஸ்தரிப்பு இலாகாவின் மூலம் கூட்டுறவு முயற்சி பரவிய காலமும் அதுவே. இடையில் ஒருவர் இருந்து சரக்கைப் பார்த்து வாங்கும்போது குறையைத் திருத்த அவர் உண்டு. தாமே விற்கும்போது தமது ஓரத்துக்குத் தாமே ஜவாப்தாரி.

முடிந்த விரிப்பை மடித்து வைக்கலாகாது. மடிப்பில் கோணி முறியும். கண்ணி முகம் வெளிப்புறமாக இருக்கும்படி சுருட்டி, ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். தூசி போக உதறுவதும் தடியால் அடிப்பதும் ஆகா. மெல்லிய துடைப்பத்தால் பெருக்கினால் போதும்.